சேற்றில் நட்ட 22 வேலிக்கால்கள்

எங்கள் அம்மா நட்டு வைத்திருந்த தண்டுக்கீரைப் பாத்தி முழுவதையும் ஒரே மத்தியானத்தில் பக்கத்து வீட்டு ஆடு தின்று தீர்த்தது. அந்தக் கோபத்தில்தான் வேலி வேலையை ஜூலை மாதத்தில் ஆரம்பித்தேன். அதுவும் 2015 ஜூலையில். அந்த வருட மழை பர்மாக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. ரக்கைன், சின் பக்கமெல்லாம் வெள்ளம், ஐராவதி ஆற்றோர ஊர்களில் படகு இல்லாமல் வெளியே வர முடியாத நிலை. எங்கள் பக்கம் வெள்ளம் வரவில்லை என்றாலும் பூமி முழுக்க ஊறிப்போய்க் கிடந்தது. அந்த மண்ணில் போய் 22 குழி தோண்டிக் கான்கிரீட் போட்டேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வேலி படுத்துவிட்டது.

எங்கள் மனை ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிரியத்திலிருந்து சௌத்தான் போகும் வழியில், உள்ளே தள்ளி, ஓடையோரமாக இருக்கிறது. சிரியத்துக்கு அரசாங்கப் பெயர் தான்லின். எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் சிரியம்தான். ஓடை என்றால் சும்மா மழைத்தண்ணீர் ஓடை இல்லை. ஆற்றோடு சேர்ந்தது, கடல் ஏற்றவற்றம் உள்ளே வரைக்கும் வரும். காலையில் படகு மிதக்கும் இடத்தில் மத்தியானம் சேற்றில் நண்டு ஓடும். ரங்கூன் பக்கம் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதாவது 100 அங்குலத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணோ களிமண். மழையில் வெண்ணெய் மாதிரி, சித்திரையில் செங்கல் மாதிரி.

2016 ஆகஸ்டில் ஒரு ராத்திரி காற்றடித்தது. புயல் ஒன்றும் இல்லை, வழக்கமான பருவக்காற்றுதான். காலையில் பார்த்தால் ஓடைப்பக்கக் கால்கள் 9 ஓடையைப் பார்த்துக் குனிந்து நிற்கின்றன. முள்கம்பி தொட்டில் மாதிரி தொங்குகிறது. ஆடு மறுபடி உள்ளே.

அப்படியே முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் மனைவியின் சித்தப்பா, நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர், ரங்கூனில் 40 வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். அவர் வந்து ஒரு காலைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளே, இத நிமுத்தாதீங்க. மழ விடட்டும். எல்லாத்தயும் புடுங்குவோம். புடுங்கினாத்தான் என்ன தப்புப் பண்ணுனோம்னு தெரியும்." எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. ஆனால் டிசம்பரில் பிடுங்கின அந்த மூன்று நாள்தான் எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தது.

முதலில் வெளியே வந்த கால் ஒரு பியின்காடோ மரம். இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து அப்பா வாங்கிப் போட்டிருந்த கட்டைகளில் 16 தேறியது. பியின்காடோ என்பது தமிழ்நாட்டுப் பக்கம் இருள் மரம் என்கிறார்களே, அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போட்ட மரம். பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். அந்தக் காலோடு வந்த கான்கிரீட் உருண்டையைப் பார்த்ததும் மாமா சிரித்துவிட்டார். அச்சு அசல் பம்பரம். மேலே ஒன்றரை அடி அகலம், கீழே ஒரு சாண்கூட இல்லை. ஈர மண்ணில் தோண்டும்போது குழியின் வாய்ப்பகுதி சரிந்துகொண்டே இருக்கும், நாமும் வழித்து வழித்து எடுப்போம், கடைசியில் குழி புனல் மாதிரி ஆகிவிடும். அதில் கான்கிரீட் கொட்டினால் பம்பரம்தானே வரும்? பம்பரம் நிற்குமா? அது ஆடத்தான் செய்யும். களிமண் மழையில் உப்பும்போது பம்பரத்தின் சரிவான விலாவைப் பிடித்து மேலே தள்ளும், கோடையில் சுருங்கும்போது சுற்றிலும் விரல் நுழைகிற அளவு விரிசல் விடும். இரண்டு தடவை இப்படி நடந்தால் போதும்.

இரண்டாவது காலின் அடியில் கான்கிரீட்டே இல்லை. மேலே ஒரு அடிக்கு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே வெறும் ஜல்லியும் மணலும், கையால் தட்டினால் உதிர்கிறது. வெல்லப்பாகு போடாத பொரி உருண்டை. இது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இறைத்துப் பார்த்தோம், இறைக்க இறைக்க ஊறியது. "சிமெண்ட் போடப் போறோம்தானே, தண்ணி இருந்தா என்ன" என்று மேலிருந்து சட்டி சட்டியாகக் கொட்டினோம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜல்லி கீழே போனது, சிமெண்ட் பாலாகக் கலங்கி மேலே வந்து வழிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும்தான். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாக மாறுகிறது, அதனால்தான் இறுகுகிறது. ஆற்றுப் பாலத்துத் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே இறுகியவைதான். குழியில் தண்ணீர் இருப்பதால் கான்கிரீட் கெடுவதில்லை. அந்தத் தண்ணீர் கலவைக்குள் புகுந்தாலோ, சிமெண்டைக் கழுவிக்கொண்டு போனாலோதான் கெடும். இந்த வித்தியாசம் புரிந்த பிறகு எனக்குத் தண்ணீரைப் பற்றிய பயமே போய்விட்டது.

மூன்றாவது, நான்காவது, ஏழாவது, பத்தாவது என்று மரக்கால்களில் பாதிக்கு ஒரே கதை. மண்ணுக்கு மேலே மரம் இரும்பு மாதிரி இருக்கிறது. கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் அடியில் இருந்த மரமும் சுத்தமாக இருக்கிறது, வெட்டினால் சிவப்பு நிறம் அப்படியே. நடுவில், தரை மட்டத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கருத்து, பஞ்சாகி, நகத்தால் கீறினால் வருகிறது. ஒரு காலில் அந்த இடம் என் மணிக்கட்டு அளவுக்குத் தேய்ந்திருந்தது. பியின்காடோவே ஒன்றரை வருடத்தில் இப்படியா என்று நான் வாயைப் பிளந்தேன். பழைய கட்டை, வெளிப்பக்கம் ஏற்கெனவே கொஞ்சம் சொத்தையாக இருந்திருக்கும் என்றார் மாமா. ஆனாலும் காரணம் என் கைவேலைதான். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் தரை மட்டம். அந்த இடத்தில் நான் என்ன செய்திருந்தேன்? பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கான்கிரீட்டைத் தரைக்கு 3 அங்குலம் கீழேயே நிறுத்தி, மேலே மண்ணைப் போட்டு மூடி, புல் ஒட்டியிருந்தேன். கான்கிரீட் ஒரு கிண்ணம் மாதிரி காலைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. போதாததற்கு மரத்தின் அடிமுனையையும் கான்கிரீட்டில் பொதித்து மூடியிருந்தேன். இறங்கின தண்ணீர் வெளியே போக வழியே இல்லை.

மூலைக்கும் வாசலுக்கும் கடையில் வாங்கின சிமெண்ட் கால்கள் 6. அதில் இரண்டு நெடுக வெடித்து, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பழுப்பு நீர் வடிந்திருந்தது. எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. உடைத்துப் பார்த்தபோது கம்பிக்கு வெளியே கால் அங்குலம்கூடக் காரை இல்லை. குறைந்தது ஒரு அங்குலமாவது மூடியிருக்க வேண்டும். மணலை நாக்கில் வைத்துப் பார்த்தார் மாமா, துப்பினார். உப்பு. சிமெண்ட் கால் வாங்குகிறவர்கள் முனையைப் பாருங்கள், கம்பி எங்கே தெரிகிறது என்று. ஓரத்தை ஒட்டித் தெரிந்தால் அந்தக் காலை வாங்காதீர்கள்.

இத்தனை பிணங்களுக்கு நடுவே ஒரே ஒரு கால் மட்டும் அசையவே இல்லை. பதினாலாவது. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நின்றது. கடப்பாறை போட்டு நெம்பினோம், மூங்கில் வைத்துத் தூக்கினோம், ம்ஹூம். கடைசியில் சுற்றித் தோண்டினால், கான்கிரீட்டே இல்லை! அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்களுக்குக் கை ஓய்ந்துபோய் லெபெயே (தேநீர்) குடிக்க உட்கார்ந்திருந்தபோது, அடுத்த மனைப் பர்மியப் பெரியவர், நாங்கள் ஊலே என்று கூப்பிடுவோம், "ஒன்றை நான் போடுகிறேன்" என்று வந்து போட்ட கால் அது. மூன்றரை அடி தோண்டி, உடைந்த செங்கல்லைக் கொஞ்சம், மண்ணைக் கொஞ்சம் என்று போட்டு, ஒவ்வொரு அரை அடிக்கும் உலக்கை மாதிரி ஒரு கட்டையால் இடித்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் குழியெல்லாம் 2 அடி.

மாமா 40 வருடம் சிமெண்டில் கை வைத்தவர். அவரே அந்தக் காலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஆழம் மாப்பிள்ளே. அகலமில்ல, ஆழந்தான்" என்றார். மேல்மண் குழம்பாக இருக்கிற இடத்தில் 2 அடிக் குழி என்பது குழம்புக்குள்ளேயே நிற்கிற கால். மூன்றடிக்குக் கீழேதான் கெட்டிக் களி ஆரம்பிக்கிறது. 2 அடியை 3 அடி ஆக்கினால் காலின் பிடி இரட்டிப்புக்கும் மேலே போகும். கான்கிரீட்டை எத்தனை அகலமாகப் போட்டாலும் அந்தப் பிடி வராது.

சரி, மறுபடி கட்டிய கதைக்கு வருகிறேன்.

எப்போது ஆரம்பிப்பது என்பதிலேயே வீட்டில் ஒரு சண்டை. மழை முடிந்து நவம்பர், டிசம்பரில் ஆரம்பித்தால் மண் தோண்ட இதமாக இருக்கும். ஏப்ரல் வரை விட்டால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், ஆனால் மேல் களி பாறையாகிக் கடப்பாறை எகிறும். பிடுங்கி முடிக்கவே டிசம்பர் போய்விட்டது. மார்கழியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று அம்மா. தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம் என்றால் ஊலே ஓடையைக் காட்டிச் சொன்னார்: அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும், குழியில் தண்ணீர் தானாக ஏறும். அரை நிலா நாட்களில்தான் ஏற்றம் சின்னது, அப்போது தோண்டு என்றார். அரை நிலா என்றால் அஷ்டமி. அம்மாவிடம் போய் அஷ்டமியில் வேலை ஆரம்பிக்கிறேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் சின்ன ஏற்றம் அரை நிலாவன்றே வருவதில்லை, ஓரிரு நாள் பிந்தித்தான் வரும். ஆக அஷ்டமி, நவமி இரண்டும் கழிந்து வளர்பிறைத் தசமி. ஓடைக்கும் நல்ல நாள், அம்மாவுக்கும் நல்ல நாள். பிப்ரவரி முதல் வாரம் ஆரம்பித்தோம். ஏற்றவற்றம் வருகிற நிலத்தில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பம்பு வாடகை மிச்சம்.

இந்தத் தடவை 22 காலுக்கும் கான்கிரீட் போடவில்லை. மூலைக்கு ஒன்று, வேலியின் இரண்டு கோடிக்கும் ஒவ்வொன்று, வாசலுக்கு இரண்டு, ஓடைப்பக்கத்தில் மண் மிகவும் இளகின இடத்தில் 5, ஆக 10 காலுக்கு மட்டும் கான்கிரீட். மற்ற 12 காலும் ஊலே முறையில் செங்கல்லும் மண்ணும் இடித்து நட்டவை. முதல் தடவை 10 மூட்டை சிமெண்ட் போனது, இரண்டாம் தடவை 4 மூட்டையில் முடிந்தது. கணக்கு எளிது: ஒரு அடி விட்டம், 3 அடி ஆழக் குழி, உள்ளே 4 அங்குலக் கால், அடியில் கொஞ்சம் அகட்டியது என்றால் 2 கன அடிக்குச் சற்று மேலே கான்கிரீட் பிடிக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றை 1-க்கு 2-க்கு 4 என்று மணல், ஜல்லியோடு கலந்தால் சுமார் ஐந்தரை கன அடி வரும். மூட்டைக்கு இரண்டரைக் குழி. இங்கே மணலும் ஜல்லியும் 'சின்' கணக்கில்தான், ஒரு சின் 100 கன அடி. எங்களுக்குத் தேவைப்பட்டது அதில் ஒரு மூலைதான், பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

குழி சரியாமல் இருக்க மாமா ஒரு வழி சொன்னார். நம்ம ஊரில் வீட்டுச் சுவருக்குக் கட்டுகிற மூங்கில் பாய் இருக்கிறதே, அதை ஒரு முழம் அகலத்துக்கு வெட்டி, குழாயாகச் சுருட்டிக் குழிக்குள் இறக்கு, தோண்டத் தோண்டத் தட்டி இறக்கிக்கொண்டே போ என்றார். பாய் சுவரைப் பிடித்துக்கொள்ளும், வாய்ப்பகுதி அகலாது. வேலை முடிந்ததும் பாயை எடுக்க வேண்டியதில்லை, அது மண்ணோடு போகட்டும். அடியில் வந்ததும் மண்வெட்டி நுழையாது, ஒரு பழைய கரண்டியை மூங்கிலில் கட்டி நாலு பக்கமும் சுரண்டி அகட்டினோம். மேலே குறுகல், கீழே அகலம். பம்பரத்தைத் தலைகீழாக வைத்தது மாதிரி. மேலே இழுத்தாலும் வராது, உப்பினாலும் எழும்பாது.

தண்ணீர் இறைக்கப் பெயிண்ட் டப்பாவை மூங்கிலில் செருகிக்கொண்டோம். வற்று நேரத்தில் தோண்டினதால் பத்துக் குழியில் எட்டில் தண்ணீர் ஒரு சாணுக்கு மேலே ஏறவில்லை. அடியில் 4 அங்குலம் ஜல்லி கொட்டி இடித்தோம். ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். களிமண்ணில் அது எங்கே வடியும்? சுற்றிலும் தண்ணீர். எங்களுக்கு ஜல்லி வேறு இரண்டுக்கு உதவியது. சேறு கலவையோடு கலக்காமல் ஒரு மெத்தை, மரக்காலின் முனை கான்கிரீட்டில் மூடிப்போகாமல் ஜல்லியில் நிற்க ஓர் இடம்.

சிமெண்ட் காலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 4 அங்குலச் சதுரம், 8 அடி நீளம் என்றால் ஒரு கால் 60 கிலோ, இங்கத்திய கணக்கில் 37 விசை. அதைச் சேற்றில் நிறுத்திவிட்டு வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும். முதல் காலை நூல் பிடித்து நிறுத்தினோம், மறுநாள் காலையில் 2 அங்குலம் குட்டையாக நிற்கிறது! அதற்கப்புறம் ஒவ்வொரு சிமெண்ட் காலுக்கும் அடியில் ஜல்லி மேல் ஒரு முழுச் செங்கல்லைப் படுக்க வைத்தோம்.

கலவை. இதில்தான் மாமா யாரையும் நம்பவில்லை. ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேலே தண்ணீர் போகக் கூடாது, மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறை. ஈர மணல் உப்பியிருக்கும், டப்பாவில் அளந்தால் உண்மையில் மணல் குறைவாக வரும் என்று ஒரு டப்பாவுக்குக் கால் டப்பா கூடப் போடச் சொன்னார். கலந்ததைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி பிடி நிற்க வேண்டும், விரல் நடுவே தண்ணீர் சொட்டக் கூடாது. தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து. கோடையில் ஓடைத் தண்ணீர் கரிக்கும், அந்த உப்பு கம்பியை அரிக்கும். மழைக்காலத்தில் அதே ஓடை நல்ல தண்ணீர்தான், அதனால் ஏமாந்துவிடுவோம்.

தண்ணீர் நின்றே தீருவேன் என்ற இரண்டு குழிக்கு சிமெண்டைக் கூட்டி, 1-க்கு ஒன்றரைக்கு 3 என்று கலந்தோம். மேலிருந்து கொட்டவில்லை. சின்ன வாளியில் கெட்டியாக அழுத்தி நிரப்பி, கயிற்றில் கட்டி, அடியைத் தொடும் வரை மெதுவாக இறக்கி, அங்கே கவிழ்த்தோம். வாளியின் அடியில் இன்னொரு கயிறு, அதை இழுத்தால் கவிழும். அடுத்த வாளி முந்தின கலவையின் மேலேயே உட்கார வேண்டும், தண்ணீரில் விழக் கூடாது. இப்படிப் பத்து வாளி. கலவை கீழேயிருந்து ஏற ஏறத் தண்ணீர் தானாக மேலே வந்து வழிந்தது. முதலில் கலங்கலாக, அப்புறம் தெளிவாக. அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஒரு மூங்கில் குச்சியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினோம். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைக் குத்தக் கூடாது, கலக்கிவிடுவோம். மேலே வந்த பிறகுதான் குத்த வேண்டும்.

மேல்முனையைத் தரைக்கு 2 அங்குலம் உயரம் வரை கொண்டுவந்து, கரண்டியால் நாலு பக்கமும் சரிவாக இழுத்துவிட்டார் மாமா, கவிழ்த்த சிப்பி மாதிரி. பார்க்க அழகில்லை. என் மகள் பத்துக் காலுக்கும் யானைப் பாதம் என்று பேர் வைத்தாள். வைக்கட்டும், மழை பெய்தால் தண்ணீர் காலை விட்டு விலகி ஓடுகிறது. மரக்காலுக்குத் தரை மட்டத்துக்கு மேலே ஓர் அடி, கீழே ஓர் அடி என்று சூடாகத் தார் பூசினோம். சிலர் கழிவு ஆயில் பூசுகிறார்கள். அது மேல்தோலோடு நின்றுவிடும், பக்கத்தில் கிணறு இருந்தால் அதற்கும் நல்லதில்லை. தாரோடு வேலை முடியாது. முதல் கோடையில் மரம் சுருங்கி, கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி விடும். அதில் மறுபடி தார் ஊற்ற வேண்டும். நான் வருடா வருடம் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் ஒரு சுற்று ஊற்றிவிடுகிறேன்.

ஒவ்வொரு காலையும் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, இரண்டு பக்கம் மூங்கில் முட்டுக் கொடுத்து மூன்று நாள் தொடவில்லை. பக்கத்துப் பையன்கள் சாய்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு. முள்கம்பியைப் பத்து நாள் கழித்துத்தான் இழுத்துக் கட்டினோம். கான்கிரீட்டுக்கு முழுப் பலம் வர 28 நாள் என்று வைத்துக்கொள்வார்கள், ஒரு வாரத்தில் முக்கால்வாசிக்குக் கிட்டே வந்துவிடும். முதல் தடவை நான் மறுநாளே கம்பி இழுத்தேன். மூலைக்கால் அப்போதே உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கும்.

மூலைக்காலைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் நிற்கிற கால்கள் கம்பியைத் தாங்கினால் போதும், இழுவையெல்லாம் மூலையிலும் கோடியிலும்தான். அங்கே சாய்வாக முட்டுக்கால் வைப்பது வழக்கம். ஈர நிலத்தில் அந்த முட்டின் கால் மெல்லச் சேற்றுக்குள் போய்விடும், முட்டு இருந்தும் இல்லாத மாதிரி. நாங்கள் முட்டின் பாதத்துக்குப் பின்னால் ஒரு அகலமான பலகைக்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து அதில் சாய்த்தோம். மூலைக் குழி மட்டும் நாலடி. தோண்டி முடித்தபோது என் தலை தரைக்குக் கிட்டே இருந்தது, மேலே மாமா மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) கிண்ணத்தோடு குனிந்து, "போதும் மேல வாங்க, கெணறு வெட்டச் சொல்லல" என்றார்.

இது நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. மாமா இப்போது இல்லை. 22 காலில் 21 நேராக நிற்கிறது. வாசல் கால் ஒன்று மட்டும் வருடத்துக்கு ஒரு நூல் அளவு உள்ளே சாய்கிறது. கேட் கனம் அதிகம், அந்தக் குழியை நான் அவசரத்தில் இரண்டே முக்கால் அடியோடு நிறுத்தினேன், யாரிடமும் சொல்லவில்லை. மாமா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், அந்தக் காலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

ஆடு? வேலி முடிந்து ஒரு மாதம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள், ஓடை நன்றாக வற்றியிருந்த நேரத்தில், கடைசிக் காலுக்கு அந்தப்பக்கம் சேற்றில் இறங்கி, வயிறு வரை சேறு அப்பிக்கொண்டு, சுற்றிக்கொண்டு உள்ளே வந்து கீரைப் பாத்தியில் நின்றது. அம்மா துடைப்பத்தை எடுக்கவில்லை. "பசிச்சாத்தானே இவ்வளவு தூரம் சேத்துல நடக்கும்" என்று ஒரு கட்டுக் கீரையை அறுத்து அதன் முன்னால் போட்டார்.